நீலன் சேட்டன் முன்னாலே போறார்

...ஒதைக்காதேங்கோ, ஒதைக்காதேங்கோ! அரிசி மூட்டை இல்லே இது, கம்ப்யூட்டர்! சே, கண்ணு தெரியறதான்னு பாரேன் இவாளுக்கு.

நீ ஒக்காருடி கொழந்தே. போன்லே தமிழ் பேசிண்டே பஸ்லே ஏறினியோன்னோ, அதான் கூப்பிட்டேன். என்ன பேரு? பூமாரியா? கொள்ளாம், நல்ல பேரு. கழுத்துலே கார்டு தொங்கறதே, கழக்கூட்டத்துலே ஐடி கம்பெனியோ? நானும் அங்கேதான் போறேன். வேலைக்கில்லே, சண்டைக்கு.

சுதீஷ்னு ஒருத்தன். கம்ப்யூட்டர் கடை. நேத்திக்குத்தான் இதை ரிப்பேர்... ரிப்பேர் இல்லே, என்னவோ சொல்லுவாளே, அப்கிரேடு... பண்ணிக் குடுத்தான். ஆத்துலே வந்து போட்டா விசிறி சுத்தறது, லைட் எரியறது, திரையிலே மட்டும் கும்மிருட்டு. 'நோ சிக்னல்'ங்கறது. எனக்கு எப்படி இருக்கும்?

பையன் படிக்கறச்சே வாங்கினது இது. அவன் ஜெர்மனிக்குப் போய்ட்டான், இது ஸ்ரீவராகத்துலே எங்காத்துலே துணியைப் போத்திண்டு கெடந்தது. நான்தான் எழுப்பினேன். எதுக்கா? சிரிக்கப்படாது, கேட்டியா... கேம் வெளையாட. சீட்டாட்டம், மிட்டாய் பொறுக்கறது, அதெல்லாம் இல்லே. பஸ் ஓட்டறது! நம்மூர் செவப்பு பஸ், அதே ஹார்ன், போர்டுலே மலையாளத்துலே ஊர்ப்பேர்... ஏய், பாத்தியா பாத்தியா! கியரைக் கொறைக்காமலே திருப்பறான் இந்த டிரைவர். இதைப் பாக்கத்தான் நான் ஆட்டோவிலே வரல்லே. முன் சீட்லே ஒக்காந்து அவன் கையைப் பாத்துத்தான் எல்லாம் படிச்சேன்.

நெஜத்துலே ஒரு ஸ்கூட்டர்கூட ஓட்டினதில்லே. கல்யாணம் ஆன புதுசுலே இவர் கத்துத்தரேன்னு கூட்டிண்டு போனார். மொதல் திருப்பத்துலே ஒரு கோழி. கோழிக்கு ஒண்ணும் ஆகலே, இவர்தான் சாவியைப் பிடுங்கிண்டுட்டார். 'நீலா, நீ பின்னாலே ஒக்காரு'ன்னார். ஒக்காந்தேன். அன்னிலேர்ந்து இவரோட முதுகைத் தவிர ரோட்டுலே நான் எதைப் பாத்தேன்?

இப்போ சாயந்திரம் விளக்கேத்தினதும் நெட்டுலே கொஞ்சம் பேர் வரிசையா பஸ் எடுக்கறோம். மத்தவா மைக்குலே பேசிப்பா. நான் வாயே தொறக்க மாட்டேன், டைப் பண்ணிடுவேன். என் பேரு அங்கே நீலன். யாரோ அண்ணான்னே நெனச்சுண்டிருக்கா. 'நீலன் சேட்டா, நீங்க முன்னாலே போங்கோ, நாங்க பின்னாலே வரோம்'ங்கறா. கொழந்தே, என்னை யாராவது முன்னாலே போன்னு சொல்லிக் கேட்டதே இல்லேடி நான்.

போன வாரம் மூணாறு ஏத்தம். கொண்டை ஊசி வளைவு. நடுவிலே படம் அப்படியே நின்னுடுத்து! இந்தப் பெட்டி குக்கர் மாதிரி மூச்சு விடறது. படம் திரும்ப வந்தப்போ பஸ் பள்ளத்துலே, தலைகீழா. என்னை நம்பி வந்தவா எல்லாரும் ஒருத்தர் பின்னாலே ஒருத்தரா... தொம்மு, தொம்முன்னு! எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கலே. இன்னிக்கு சாயந்திரம் திரும்ப அதே மலை. நான் வரல்லேன்னா ராக்கெட்டுன்னு பேர் வெச்சுண்டு ஒரு அசத்து இருக்கான், அவன் முன்னாலே பூந்துடுவான்.

அதான் சுதீஷ்கிட்டே குடுத்தேன். ராம்னு ஏதோ மெமரியாம், அதைக் கூட்டிப் போட்டான். கிராஃபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு, செங்கல் கனம், அதுலே ரெண்டு விசிறி. அதுக்குக் கரண்ட் பத்தாதுன்னு பவர் சப்ளையும் மாத்தினான். கடையிலே நன்னா ஓடித்து, நானே பாத்தேன். ஆத்துக்கு வந்து ஒயரெல்லாம் என் கையாலே சொருகினேன்... இருட்டு! காத்தாலே போன்லே வாரினேன் பாரு அவனை! 'உன் கார்டும் டூப்ளிக்கேட்டு, நீயும் டூப்ளிக்கேட்டு'ன்னுட்டேன்.

என்ன கேக்கறே? மானிட்டர் ஒயரா? எப்பவும் சொருகற துளையிலேதான். இதோ, பின்பக்கம், மேலே. ஏன்? ...எது, கீழே படுக்கையா இருக்கே, இதுவா? இதுதான் புது கார்டோட வாயா? ...இங்கே சொருகினாத்தான் படம் வருமா?

என் பத்மநாபா!

மெல்லப் பேசு, மெல்ல. கண்டக்டர் கேக்கறான். இவர் நேத்தே சொன்னார்டி! 'நீலா, கீழே புதுசா ஒரு துளை தெரியறதே'ன்னார். 'உங்களுக்கென்ன தெரியும், போய் சேனையை நறுக்குங்கோ'ன்னுட்டேன். பாவம், கையெல்லாம் அரிச்சுண்டே நறுக்கினார்.

எங்கே வந்திருக்கோம், ஸ்ரீகாரியமா? எறங்கி எதிர் பஸ் புடிச்சுடறேன். சுதீஷ் மூஞ்சியிலே எப்படி முழி... இரு, போன். ஐயோ, அவன்தான்!

ஹலோ... ஆ, சுதீஷே. சேச்சே, நீ எதுக்குப்பா மன்னிப்பு... என்னது? ஸ்டீயரிங்கா? வட்டமா, கையாலே திருப்பறதா? யாரோ வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்ததா... எனக்கா? சும்மாவா? ...ம். ஆமாம்ப்பா, ரொம்ப மனக்கஷ்டம்தான். ராத்திரி கண்ணே மூடலே. வந்திண்டே இருக்கேன்.

என்னடி அப்படிப் பாக்கறே? ஆசையாத் தரேங்கறவன் மனசை நோக அடிக்கறதா? உண்மையெல்லாம் அடுத்த வாரம் சொல்லிக்கலாம். நீயும் கடைக்கு வாயேன். 'ஆமாம், கார்டுலே என்னவோ கோளாறுதான்'னு ஒரு வார்த்தை... ஐடிக்காரி சொன்னா நம்புவான். ஏய், எங்கே எழுந்துண்டே? இது காரியவட்டம்னா! உன் ஸ்டாப் இன்னும்... பூமாரி! பூமாரி!

எறங்கிட்டா. இந்தக் காலத்துப் பொண்கள்!

வாங்கோ சேச்சி, ஒக்காருங்கோ. தமிழ் மனசிலாகுமோ? நல்லது. கம்ப்யூட்டர் ஏதாவது அறியுமோ? ஒண்ணும் தெரியாதா? ரொம்ப ரொம்ப சந்தோஷம்! கேளுங்கோ, கழக்கூட்டத்துலே ஒரு கடைக்காரன் என்னை நன்னா ஏமாத்திட்டான்...