கற்றலொக்கில் வந்த சிவப்புக் கிற்றார்

— தூக்கிப் பாரும் பிள்ளை, கிற்றார் பாரமில்லை. அந்த அம்ப், சத்தம் வாற பெட்டி தான் கொஞ்சம் பாரம்.

— ஃபோட்டோவில பாத்ததை விட நல்லா இருக்கு அன்ரி. லைக், அதோட வந்த தோள்பட்டி கூட இருக்கு. பெட்டியும் வைச்சிருக்கிறீங்களா?

— பெட்டி, வந்த புதுசில இருந்த பார்க்டேல் வீட்டோட போச்சு. அப்ப ஒரு அறைக்குள்ள நாலு பேர் நாங்கள். கிற்றாருக்கே இடமில்லை, பெட்டியை எங்க வைக்கிறது. பேர் என்ன சொன்னனீர்?

— அட்சயா. அஜக்ஸில இருந்து வாறன். நானும் ரெண்டு ஃபிரண்ட்ஸும் சின்னதா ஒரு பாண்ட் வைச்சிருக்கிறம்.

— நாங்களும் அஜக்ஸுக்குத் தான் போறம், மகன்ர வீட்டு பேஸ்மென்டுக்கு. தேவையில்லாத சாமான் ஒண்டும் ஏத்தக்கூடாதெண்டு சொல்லிப்போட்டான். அதுதான் விக்கவெண்டு இன்ரநெற்றில போட்டது. ஏன் பிள்ளை, கடையில புதுசே வாங்கலாமே?

— இது கிறிஸ்மஸ் கற்றலொக்கில வந்த செட் அன்ரி. டிபார்ட்மென்ட் ஸ்டோர்காரர் தங்கட பேரைப் போட்டு, மலிவாச் செய்விச்சு வித்தது. ஸ்பீக்கரும் மலிவு தான். ஆனா இதில வாற கரகரத்த சத்தம் நல்ல கிற்றாரில வராது. இப்ப ஆக்கள் தேடித் திரியினம்.

— மலிவோ. தையல் பக்டரியில நிண்டு உழைச்ச எனக்கு அது மலிவாத் தெரியேல்லை.

— ஓ, நீங்களா வாங்கினது? அங்கிளுக்கு கிஃப்ட்டா?

— என்ர மனிசன் பேனாட்டும் அப்பிடித் தான் சொல்லித் திரியிறவர். சேர்ச்சில மைக் கையில கிடைச்சா முதல் கதை அது. “என்ர மனிசி செரீனா, கனடாவில எடுத்த முதல் சம்பளத்தில எனக்கு வாங்கித் தந்தது.” சனமும் கை தட்டும்.

— சோ ஸ்வீட்.

— அது எனக்கு வாங்கினது பிள்ளை.

— விளங்கேல்லை அன்ரி.

— எனக்கெண்டு வாங்கினனான். பில்டிங் வாசல்ல அந்தக் கற்றலொக் கிடந்தது. பொம்மைக்கும் சப்பாத்துக்கும் நடுவில உந்தச் சிவப்பு. ஓடர் குடுத்திட்டு, லைபிரரியில புத்தகம் எடுத்து, எந்தக் கம்பியில எந்த விரல் எண்டு பாடமாக்கினன். சாமான் வந்த அண்டைக்கு நான் வேலையில. வந்து கதவைத் திறந்தா, இவர் அதைத் தோளில போட்டுக்கொண்டு கட்டில்ல இருந்து சிரிக்கிறார். கனடா வந்த பிறகு அவர் சிரிச்சதை அண்டைக்குத் தான் கண்டனான்.

— நீங்கள் சொல்லேல்லையா?

— என்னெண்டு சொல்லுறது. பிடிச்சிருக்கோ எண்டு கேட்டன். ஓம் எண்டார்.

— அவர் இல்லாத நேரம் எடுத்து வாசிக்கலாமே.

— ஒருக்கா எடுத்தனான். ஆர் கம்பியை முறுக்கினது எண்டு வீட்டை ரெண்டாக்கினார். பிள்ளையள் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு தூசு தட்ட மட்டும் தான் தொட்டது.

— அங்கிள் நல்லா வாசிப்பாரா?

— மூண்டு பாட்டு. அண்டைக்கும் அதே மூண்டு, பிறகும் அதே மூண்டு. இப்ப விரல் மடங்கிறேல்லை, அதுவும் இல்லை.

— விக்கிறது அவருக்குத் தெரியும் தானே?

— நீர் பாத்த ஃபோட்டோ எடுத்ததே அவர் தான். கதவு திறக்குது, வந்திட்டார். இஞ்சேருங்கோ, கிற்றார் பாக்க அந்தப் பிள்ளை வந்திருக்கு.

— ஆ, வாரும் வாரும். அந்த வயரைக் கொஞ்சம் திருப்பிக் குத்த வேணும் பிள்ளை, இல்லாட்டி இரையும். செரீனா, பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தனீரோ?

— இல்லை. கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள்.

— அங்கிள், சொரி, நான் கேக்கக் கூடாது. அன்ரி இதைத் தனக்குத் தான் வாங்கினவ எண்டு உங்களுக்குத் தெரியுமா?

— விடும் பிள்ளை, அவரைக் கேளாதையும்.

— தெரியும்.

— என்ன தெரியும் உங்களுக்கு?

— உமக்கு எண்டு தெரியும். பெட்டி வாறதுக்கு முந்தி, நீர் ஒவ்வொரு நாளும் மேசை விளிம்பில விரலை அமத்தி அமத்திப் பாத்தனீர். நான் எதிர்க்கதிரையில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்.

— பிறகேன் எடுத்தனீங்கள்?

— எனக்கு அப்ப வேலை பெர்மிட் வரேல்லை. நீர் விடியப் போயிடுவீர், நான் ஜன்னலுக்க நிண்டு ஸ்னோவைப் பாப்பன். பெட்டி வந்திது. நீர் வரும்வரைக்கும் வைச்சிருப்பம், கேட்டவுடன குடுப்பம் எண்டு தான் பெட்டியை உடைச்சனான். நீர் கேக்கேல்லை.

— நான் கேக்கேல்லை.

— அடுத்த நாளும் கேக்கேல்லை. பிறகு திருப்பித் தாறதெண்டா, தெரிஞ்சு தான் எடுத்தனான் எண்டு சொல்ல வேணுமே. எனக்கு வாங்கித் தந்தது எண்டு சனத்துக்குச் சொல்லச் சொல்ல, எனக்கே அப்பிடித் தான் வந்திட்டுது.

— கம்பியை முறுக்கினது ஆர் எண்டு கேட்டு அண்டைக்கு வீட்டை ரெண்டாக்கினீங்களே. அதுவும் நான் தான் எண்டு தெரிஞ்சு தானோ?

— ஓம்.

— அன்ரி, நான் வேணுமெண்டா இன்னொரு நாள் வாறன்.

— வர வேண்டாம் பிள்ளை. அது இனி விலைக்கில்லை. இவ்வளவு தூரம் வரப் பண்ணினதுக்குக் குறை நினையாதையும்.

— செரீனா, மகன்ர பேஸ்மென்டில இதுக்கு இடமில்லை எண்டு நீர் தானே சொன்னனீர்.

— அங்க நீங்கள் போங்கோ. நான் வரேல்லை.