ஒரே மெஷின்ல ரெண்டு பேர்

இல்ல மேடம், அப்படி இல்ல. மெமரி நிறையக் குடுத்தா வேகமா ஓடும்னு எல்லாரும் நெனச்சுக்கிறாங்க. தலைமை ஆபீஸ்லேர்ந்து இவ்ளோ தூரம் விசாரிக்க வந்திருக்கீங்க, கொஞ்சம் பொறுமையா கேட்டுட்டுப் போங்க. வேலை போனா என்னுதுதான போகப்போகுது.

இந்த ஆஸ்பத்திரிக்கு இருக்குறது ஒரே ஒரு பெரிய மெஷின். அதுல ரெண்டு பேர் குடித்தனம். ஒண்ணு டேட்டாபேஸ், அது என் பொறுப்பு. இன்னொண்ணு கவுன்ட்டர்ல பில்லு போடுற சாஃப்ட்வேர், அது என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆமா, காலையில மொதல்ல விசாரிச்சீங்களே, அவரேதான்.

மெமரி மொத்தம் அறுபத்திநாலு ஜிபி. அவருக்கு இருபத்திநாலு, எனக்கு முப்பத்திரண்டு, மிச்சம் மெஷின் மூச்சு விடுறதுக்கு. இந்தக் கணக்குக்கு வர்றதுக்குள்ள நாங்க போட்ட சண்டை இருக்கே. சாப்பிடும்போதுகூட எனக்கு இன்னும் ரெண்டு குடேன்னு கெஞ்சுவார். குடுத்தா கெட்டுப்போவீங்கன்னு சொல்வேன். சும்மா சொல்லல மேடம். அவர் சாஃப்ட்வேர் ஓட ஓட உள்ள குப்பை சேரும். அப்பப்போ கைவேலையை நிறுத்திட்டுப் பெருக்கணும். சின்ன வீடுன்னா டக்குனு பெருக்கிடலாம். பெரிய பங்களாவைக் குடுத்தா, அது பெருக்கி முடிக்கிற வரைக்கும் கவுன்ட்டர்ல அத்தனை பேரும் தேமேன்னு நிக்கணும். கூட்டிக் கொறச்சு, கூட்டிக் கொறச்சு, ஒரு வழியா அளவு புடிச்சோம். பில்லு கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துச்சு. அன்னிக்கு ஆபீஸ் முழுக்க என் பொண்டாட்டி பண்ணதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

திங்கக்கிழமை வந்து பாத்தா ரெண்டுத்துக்குமே நாப்பத்தெட்டு நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. இல்லாத எடத்துக்கு மெஷின் எங்க போகும்? மெமரில நிக்க வேண்டியதையெல்லாம் டிஸ்க்ல கொண்டுபோய் வெக்குது, திரும்ப எடுக்குது, திரும்ப வெக்குது. நொண்டியடிக்குது. மருந்து வாங்க வந்தவங்க செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு அம்மா பில்லு அப்புறம் போட்டுக்கலாம், மாத்திரைய மட்டும் குடும்மான்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்குறதுன்னு தெரியல.

ஆமா, என் லாகின்லதான் மாத்தியிருக்கு. நான் இல்லேன்னு சொல்லலியே. ஞாயித்துக்கிழமை மத்தியானம், எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லேர்ந்து. அன்னிக்கு நான் எங்கக்கா வீட்டுல இருந்தேன், நம்பர் தரேன், கேட்டுப் பாருங்க.

இதனால யாருக்கு என்ன லாபமா? நல்லா கேட்டீங்க. ரெண்டு டீமையும் ஒண்ணாக்கி ஒருத்தரை மேல உக்கார வெக்கப்போறோம்னு நீங்கதான மேடம் மெயில் போட்டீங்க. அவர் வாயத் தொறந்து கேட்டிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன். கேக்கலியே. அதுதான் வயிறு எரியுது. நேத்துகூட எனக்குத் தலைவலின்னு அவரே காப்பி போட்டுக் குடுத்தார். கவலப்படாத, நான் பேசிக்கறேன்னார்.

உங்ககிட்ட என்ன பேசினார்? அவளுக்கு வேலை ஜாஸ்தி, பாவம், கவனம் தவறிட்டான்னா? பாவமாம்.

பாஸ்வேர்டா? இல்ல, எங்கயும் எழுதி வெக்கல. அவர்கிட்டயும் சொன்னதில்ல. யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கார். மத்தவங்களால முடியாது மேடம், கேள்விப்பட்டிருந்தாத்தான. எங்களுக்கு ஒரு குழந்தை வயித்துல தங்காமப் போயிடுச்சு. அதுக்குன்னு நாங்க எடுத்து வெச்சிருந்த பேருதான் பாஸ்வேர்டு. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது, எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அன்னிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் அவர் அந்தப் பேர ஒருவாட்டிகூட வாயில எடுத்ததில்ல.

மறந்துட்டார்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.