வூட்டுக்குப் போ

நாடகத் தேர்வுக்குப் போகிறவர்கள் அரைமணி நேரம் முன்பே போய்விட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. அன்றைக்கும் அப்படித்தான் போனேன். சலவைப் புடவை, படிய வாரிய தலை, கையில் பானகச் செம்பு. பேர் கேட்டதற்கு, “பாஞ்சாலி, ஏரியூர்” என்று தெளிவாகச் சொன்னேன். மற்ற பெண்களோடு வாயடிக்கவில்லை.

தேர்வு வைத்தவர் குப்புராஜ் வாத்தியார். மதுரைப் பக்கத்துக்காரர், நாடகக் கம்பெனியே அவருடையதுதான். மூன்று வருடத்துக்கு முன், அறுபத்தெட்டில், பொம்மிடிக் கொட்டகையில் என் அண்ணன் முனியப்பன் அவர் முன்னால் நின்று வசனம் பேசினான். “என்னைய எடுத்துக்குவாங்களா புள்ள?” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனவன். ‘வீடு’ என்கிற இடத்தில் ‘வூடு’ என்று வந்துவிட்டது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது வூடுதான்.

“வூடாம்டா வூடு. எங்கே, இன்னொருக்கா சொல்லு.”

முப்பது தடவை சொல்ல வைத்தார். கொட்டகையே சிரித்தது. கடைசியில், “சரி, வூட்டுக்குப் போ” என்றார். அண்ணன் வரவில்லை. பொம்மிடித் தண்டவாளத்தில் அவனைப் பொறுக்கித்தான் கொடுத்தார்கள்.

எனக்கு நடிப்பில் ஆசையே கிடையாது. எல்லாம் அண்ணனுக்காகத்தான். மூன்று வருடம் கண்ணாடி முன் நின்று ‘வீடு, வீடு’ என்று பழகினேன். ராணி ராஜாவுக்கு விஷம் கொடுக்கும் காட்சியைத் தலைகீழாகப் பாடம் பண்ணினேன். ராஜா வசனத்தை வாத்தியாரே பேசுவார். வெறும் செம்போடு வந்தால் ஏசுவார். கொடுப்பதை நிஜமாகவே குடிப்பார். இது ஊரறிந்த சங்கதி. பருத்திக்கு அடிக்கிற மருந்து நாறும் என்பதால் சுக்கும் ஏலக்காயும் தாராளமாகப் போட்டேன்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “காரம் கூடிப்போச்சே” என்றார். நான் வசனத்தை விடவில்லை. பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வாயில் நுரை. தேர்வு பார்க்கப் பெஞ்சில் இருந்த கம்பெனிக்காரர்கள் கை தட்டினார்கள். வாத்தியார் நடிப்பு அப்பேர்ப்பட்டது. நான் குனிந்து, “வூட்டுக்குப் போங்க வாத்தியாரே” என்றேன். வசனத்தில் இல்லாதது அது ஒன்றுதான். மற்றபடி ஓர் எழுத்து பிசகவில்லை.

‘போதும்’ என்று சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்பது முறை. அவரால் சொல்ல முடியவில்லை. கடைசி வரிவரை பேசி, கும்பிட்டுவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். நீங்கள் வரும்வரை அங்கேயேதான் இருந்தேன். முடிவு தெரியாமல் எப்படி எழுந்து போவது?

அதைத்தான் கேட்கிறேன், ஐயா. பெஞ்சில் இருந்தவர்கள் ஏதாவது சொன்னார்களா? என்னை எடுத்துக்கொண்டார்களா?