காமாலைப் பத்தியம்

மீன் விற்கிறவர்களுக்குப் படர்தாமரை வருவது பெரிய அதிசயமில்லை, சார். எந்நேரமும் ஈரத்துணி. என் புருஷன் பாலகுருவுக்கு இடுப்பில் வந்தபோது நான்தான் தாம்பரத்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"இந்த மாத்திரை சிலருக்கு ஈரலைப் பாதிக்கும்மா. ரத்த டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. குடிக்கவே கூடாது. கண்ணு மஞ்சளாச்சுன்னா உடனே நிறுத்திட்டு வந்துடுங்க."

என் புருஷன் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் நான்தான் கேட்டுக்கொண்டேன். குடியை நிறுத்த வைத்தேன். மாத்திரையைக் கையில் கொடுத்துத் தண்ணீரும் நீட்டினேன். அரிப்பு அடங்கிக்கொண்டு வந்தது.

மேடவாக்கம் மார்க்கெட்டில் என் பக்கத்தில் கடை போடுகிறவள் ஜெயக்கொடி. புருஷன் இல்லாதவள் என்று அந்த இடத்தைச் சண்டைபோட்டு வாங்கிக் கொடுத்ததே நான். ஒருநாள் இடுப்பைச் சொறிந்தபடி கேட்டாள்.

"யக்கா, மாமா துன்றாரே ஒரு மாத்திரை, எனுக்கும் வாங்கியாயேன். இங்க வட்டம் வட்டமா கீது."

மாத்திரை விஷயத்தை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. படர்தாமரையோ தோலோடு தோல் பட்டால் ஒட்டுகிற வியாதி. இருவருக்கும் சோறு போட்டவள் நான். ஆனாலும் கையிலிருந்த வஞ்சிரத்தை ஒழுங்காகத்தான் துண்டு போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் நானே அவருக்குக் குவார்ட்டர் வாங்கிப்போனேன்.

"குடிக்கக் கூடாதுன்ன?"

"கொஞ்சமா குட்ச்சா ஒண்ணும் ஆவாதாம்யா."

டெஸ்டும் தேவையில்லையாம் என்றேன். நம்பினார். அரிப்பு போன பிறகும் காலி அட்டையைக் காட்டினால் மருந்துக்கடையில் புது அட்டை கொடுத்தார்கள்.

கண் மஞ்சளானதும் குப்பமே காமாலை என்றது. காமாலைக்கு எங்களில் ஆஸ்பத்திரி கிடையாது, கீழாநெல்லிதான். நானும் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். உப்பில்லாமல் கஞ்சி வைத்தேன். மாத்திரையும் அந்த மோரோடுதான் உள்ளே போனது. துர்கா மாதிரி எவள் புருஷனைப் பார்த்துக்கொள்வாள் என்று தெருவில் என்னைப் பற்றிப் பேசினார்கள். ஜெயக்கொடி வந்து அழுதாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். அங்கே உயிர் போய்விட்டது.

தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் படுத்துக் கிடந்த வரைக்கும் அவர் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கவில்லை, சார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். எங்களுக்குள் ஒரு குறையும் இருக்கவில்லை.