தொட்டிக்குள் தனபாலனின் கை

கொஞ்சம் இருங்க... மருந்து, மாத்திரை, டாக்டர் எல்லாம் அப்புறம் பேசலாம். இங்க வந்திருக்கற நீங்க எல்லாருமே வீட்டுல ஒரு நோயாளியைப் பாத்துக்கறவங்க. அதனால, ஒரு வீட்டுல நடந்ததை முதல்ல சொல்லிடறேன். சின்னக் கதைதான்.

மலேசியாவுல, கிள்ளான்ல தனபாலன்னு ஒருத்தர். துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். அவ்வளவு பெரிய பெட்டியை, ஒரு கீறல் விழாம கப்பல்ல இறக்கி வைக்கற கை அவருக்கு. வீட்டுக்கு வந்தா அந்தக் கைக்கு வேற வேலை. ஹால்ல ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ள உப்புத் தண்ணி. அதுல காளான் பவளம் வளர்த்தார்.

பவளம்னதும் கழுத்துல போடறதை நினைக்காதீங்க! இது உயிருள்ளது. கல்லுல ஒட்டிக்கிட்டு, காளான் குடை மாதிரி வட்டமா விரிஞ்சு நிக்கும். நீலம், பச்சை, செம்பு நிறம்... பாத்தா கண்ணை எடுக்க மாட்டீங்க.

ஒருநாள் குளிச்சிட்டு வந்தவர், அப்படியே சரிஞ்சு விழுந்தார். பக்கவாதம். உயிர் பிழைச்சுட்டார். ஆனா வலது கை தொங்கிப் போச்சு. பேச்சு குழறிப் போச்சு.

அவர் மனைவி அன்னலட்சுமி இருக்காங்களே... அப்படி ஒரு மனுஷியை நான் பாத்ததில்ல. சோறு ஊட்டுவாங்க. சட்டை மாட்டுவாங்க. யாராவது வந்து, "எப்படி இருக்கீங்க தனபாலன்?"னு கேட்டா, அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள, "நல்லா இருக்காருங்க, நேத்து நல்லாத் தூங்கினாரு!" அதுக்கும் இவங்கதான் பதில்.

தொட்டியை மட்டும் விடுவாங்களா? அதையும் கையில எடுத்துக்கிட்டாங்க. பவளம் எல்லாம் அடியில, மங்கலான ஒரு மூலையில இருந்துச்சு. "ஐயோ பாவம், இருட்டுல கிடக்குதே"ன்னு எல்லாத்தையும் தூக்கி மேல, விளக்குக்குப் பக்கத்துல வெச்சாங்க. புது விளக்கு ஒண்ணு வாங்கினாங்க, கண்ணு கூசற வெளிச்சம். தண்ணி ஓடணும்னு பெரிய மோட்டார் போட்டாங்க. தீனியை அள்ளி அள்ளிப் போட்டாங்க. அன்புதாங்க... அத்தனையும் அன்பு!

என்ன ஆச்சு? அந்தப் பவளத்துக்கு நிழலும், மெதுவா ஓடற தண்ணியும்தான் ஒத்துக்கும். குடை சுருங்கிப் போச்சு. நிறம் வெளுத்துப் போச்சு. ஒரு பவளம் கல்லை விட்டே கழண்டு, தண்ணியில அலைஞ்சுது.

தனபாலன் நாற்காலியில இருந்து பாக்கறார். துடிக்கறார். இடது கையால தொட்டியைக் காட்டறார். "கீ... கீ... கீழ..."

இந்தம்மா ஓடி வந்து, "கீழ உக்காரணுமா? வேண்டாங்க, அப்புறம் உங்களை யார் தூக்கறது?"

சிரிக்கறீங்க... நானும் சிரிச்சேன். ஆனா அந்த மனுஷன் கண்ணை மூடிக்கிட்டாராம். அதுக்கப்புறம் தொட்டிப் பக்கமே திரும்பல. சாப்பாடும் வேண்டாம்னு தலையைத் திருப்பிக்கிட்டார். பயிற்சி சொல்லிக் குடுக்க வந்த பொண்ணு கையைத் தொட்டா, இழுத்துக்கிட்டார். "மனசு விட்டுட்டாரும்மா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு.

ஒரு காலையில அன்னலட்சுமி காய் வாங்கப் போயிட்டு வராங்க. கதவைத் திறந்தா... தரையெல்லாம் தண்ணி. நாற்காலி காலி. தொட்டிகிட்ட தனபாலன் நிக்கறார்! மோட்டாரை நிறுத்தியிருக்கார். வலது தோளைச் சுவத்துல சாய்ச்சு, இடது கையைத் தோள் வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டிருக்கார். ஒவ்வொரு பவளமா மேல இருந்து எடுத்து, அடியில, நிழல்ல வைக்கறார்.

"ஐயோ! என்னங்க பண்றீங்க? வழுக்கி விழுந்தா என்ன ஆகறது? விடுங்க, நான் செய்யறேன்!"

அவர் கையை எடுக்கல. திரும்பிப் பாத்தார். ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்து சொன்னார்...

"லட்சுமி... நான்... இன்னும்... இருக்கேன்."

அந்தம்மா கையில இருந்த பையைக் கீழ வெச்சாங்க. உள்ள போயித் துண்டு எடுத்துட்டு வந்து, அவர் காலடியில இருந்த தண்ணியை மட்டும் துடைச்சாங்க. அப்புறம் பக்கத்துல நின்னு, "நான் என்ன செய்யணும்?"னு கேட்டாங்க.

பாருங்க, அவர் சுருண்டு விழுந்த நாள்ல இருந்து பதிலுக்குக் காத்திருந்து அவங்க அவரைக் கேட்ட முதல் கேள்வி அது!

"கிண்ணம்... பிடி."

பிடிச்சாங்க. கழண்டு போன பவளத்தை அதுல வெச்சு, பக்கத்துல சின்னச் சின்னக் கல்லாப் போட்டார். அது மறுபடி தண்ணியில அலையாம இருக்க, மேல ஒரு துண்டு வலைத்துணியைப் போட்டு மூடி, ரப்பர் பேண்டை மாட்ட ஆரம்பிச்சார். நழுவுது. மறுபடி நழுவுது. அன்னலட்சுமிக்குக் கை பரபரங்குது... ஆனா கிண்ணத்தை விட்டு அசையல. கடைசியில அவர் அந்த வலது கையைத் தூக்கிக் கிண்ணத்து மேல வெச்சார். அழுத்திக்கிட்டார். மாட்டிட்டார்! பயிற்சிக்குக் கூட நீட்டாத கை அது.

அதிசயம் நடந்துச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கை இன்னும் முழுசா சரியாகல. ஆனா அந்தப் பவளம் கல்லுல ஒட்டிக்கிச்சு. மத்ததும் மெல்ல மெல்ல விரிஞ்சுது. தொட்டிக்கு இன்னைக்கும் அவர்தான் முதலாளி, அந்தம்மா உதவியாள். பயிற்சிக்கு வர்ற பொண்ணைப் பாத்து இப்ப அவரே கையை நீட்டறார்.

இப்ப உங்களைக் கேக்கறேன். அன்னலட்சுமி செஞ்சது தப்பா? இல்லவே இல்ல. அன்பு குறைச்சலா? அதுவும் இல்ல. ஒண்ணே ஒண்ணை மறந்துட்டாங்க... யாருக்குச் செய்யறோமோ, அவருக்கு என்ன வேணும்னு அவரையே கேக்கணும். பவளத்துக்கு வாய் இல்ல. நம்ம வீட்டுல படுத்திருக்கறவங்களுக்கு இருக்கு! குழறும், மெதுவா வரும், நமக்குப் பொறுமை போயிடும். ஆனா இருக்கு!

நாளைக்கு உங்க அம்மா, "நான் கீரை ஆயறேன்"னு கேட்டா, தட்டை அவங்க மடியில வைங்க. பாதி சிந்தட்டும். உங்க அப்பா பூட்டைத் திறக்கறேன்னு நின்னா, சாவியைப் புடுங்காதீங்க. பின்னாடி நில்லுங்க. விழாம பாத்துக்கறது நம்ம வேலை. வாழறது... அவங்க வேலை. அந்த வேலையை அவங்ககிட்ட இருந்து நாம எடுத்துக்கவே கூடாது!