ஜன்னல் திட்டில் வைத்த பெட்டி

என் அலுவலக அறையில் நல்ல வெயில் வரும். முப்பது வருடம் இருட்டு அறைகளில் குப்பை கொட்டியவனுக்கு அது பெரிய கொடுப்பினை. நீங்கள் விசாரிக்க வந்த விஷயமும் அந்த ஜன்னலில்தான் ஆரம்பித்தது.

இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் வேலையில் நான் அடிமட்டத்திலிருந்து மேலே வந்தவன். சொட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன், நாய்க்கடியும் வாங்கியிருக்கிறேன். ஒரு குழந்தைக்குத் திடீரென்று கால் துவண்டால், பதினான்கு நாளுக்குள் அதன் மலத்தை எடுத்து ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பெட்டி சூடேறியிருந்தால் பரிசோதிக்கக் கூடாது. எந்தப் பெட்டியும் என் கையெழுத்தோடுதான் போக வேண்டும். இந்த விதிகளை எழுதியவனே நான்தான். பல நாடுகள் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டன.

மூன்று வருடம் நோயே இல்லையென்றால், ஒழிந்ததாகச் சான்றிதழ் தருவார்கள். எங்களுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. அது கிடைத்ததும் உலக அளவில் இந்த ஒழிப்பு வேலையை நடத்தும் அமைப்பின் தலைமை எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் ஆற்றோரக் குடியிருப்பின் நர்ஸ் முதல் பெட்டியோடு வந்து நின்றாள். பிடித்த பிடியை விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘உடும்பு’ என்று பெயர்.

மேஜையில் இடமில்லை. ஜன்னல் திட்டில் வைக்கச் சொன்னேன். கூட்டம் ஒன்று இழுத்துக்கொண்டே போனதில் பெட்டியை மறந்துவிட்டேன். சூடேறிவிட்டதென்று ஆய்வகம் அதைத் திருப்பி அனுப்பியது. சத்தியமாக அது மறதிதான். ஆனால் அந்தத் தகவலைப் படித்ததும் மனசு லேசானது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது குழந்தையின் பெட்டியை நானே ஜன்னலில் வைத்தேன். மூன்றாவதற்கு மூடியையும் கொஞ்சம் திறந்துவிட்டேன். எந்த எண்ணையும் மாற்றவில்லை, எந்தத் தாளையும் கிழிக்கவில்லை. வெயில் அடித்தது, அவ்வளவுதான்.

மூன்றும் திரும்பி வந்ததும் நர்ஸ் மறுபடி நேரில் வந்துவிட்டாள்.

“நாலு ஐஸ் கட்டி வச்சேன் சார். பஸ்ல கீழகூட வைக்காம மடியிலயே வச்சிட்டு வந்தேன். எப்படி சார் உருகும்?”

“வெயில் காலம்மா. நீ இன்னும் கவனமா இருந்திருக்கணும்.”

“போன வாரம் வரைக்கும் சுவரேறிக் குதிச்ச பையன் சார். மத்த பிள்ளைங்களுக்கு உடனே சொட்டு மருந்து குடுக்கவாவது ஆள் அனுப்புங்க.”

ஆள் அனுப்பினால் எதற்கு என்று கேள்வி வரும். உறுதியாகாத நோய்க்கு முகாம் போட முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். பெட்டியைச் சூடேற விட்டதற்காக அவளை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவிலும் கையெழுத்துப் போட்டேன். அவள் அழவில்லை. காலிப் பெட்டியைத் துடைத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

சான்றிதழ் வந்தது, பதவியும் வந்தது. ஆற்றோரத்தில் மொத்தம் பதினொரு குழந்தைகள், அதில் இரண்டு உயிரோடு இல்லை என்கிறீர்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் உலகம் முழுவதையும் பார்க்க வேண்டியவன் ஒரு குடியிருப்பையே பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

பெட்டிகளில் அந்த நோய் இருந்தது தெரியுமா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். எப்படித் தெரியும்? யாரும் பரிசோதிக்கவே இல்லையே.

நீங்கள் காட்டும் சொட்டு மருந்து அட்டை என் பேத்தியுடையதுதான். தேதியும் சரிதான். இரண்டாவது பெட்டியை ஜன்னலில் வைத்த அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். “எல்லாத் தவணையும் குடுத்தாச்சேப்பா” என்றாள். “இன்னொரு தரம் குடுத்தா ஒண்ணும் ஆயிடாது” என்று சொல்லி, என் கையாலேயே குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டேன்.

அதை ஏன் இதோடு முடிச்சுப் போடுகிறீர்கள்? வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் யாருக்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தானே செய்யும்.