அப்புத்துரை அண்ணையின் பங்கு வேலி

இந்தக் கதிரை ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. காலுக்கடியில் சின்ன ஆப்பு ஒன்று வைத்தால் போதும். நாளைக்கு வைப்போம் என்று யாரோ விட்டிருப்பார்கள். எனக்கு இப்படியானவற்றைக் கண்டால் கை சும்மா இராது. அது கிடக்கட்டும், வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உள்ளே அடைத்து வைத்திருக்கிற பாலனை விட்டுவிடுங்கள். அப்புத்துரை அண்ணையைச் சுட்ட கட்டுத்துவக்கு அவனுடையதல்ல, என்னுடையது.

நாங்கள் இருவருமே வடமராட்சியிலிருந்து வந்தவர்கள். முரசுமோட்டையில் குடியேற்றக் காணி பிரித்துக் கொடுத்தபோது எனக்குப் பக்கத்துக் காணி அவருக்கு விழுந்தது. தங்கமான மனிதர். யாரோடும் ஒரு கொழுவல் கிடையாது. ஆனால் எந்த வேலையையும் இன்றைக்குச் செய்யமாட்டார். வீட்டுக்கு நிலை வைத்தார், கதவு வைக்கவில்லை. வருஷக்கணக்காக அதில் ஒரு சாக்குத்தான் தொங்கியது. சைக்கிள் வாங்கினார், ஓடப் பழகவில்லை. கிளிநொச்சிச் சந்தைக்கு அதை உருட்டிக்கொண்டு போய் உருட்டிக்கொண்டு வருவார். மூத்த மகளுக்கு நல்ல பேராக வைக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாளும் வந்துவிட்டது. வாத்தியார் பேரைக் கேட்டதும் அண்ணையின் வாயில் வந்தது வாத்தியாரின் மனைவியின் பேர். அதுவே நிலைத்துவிட்டது.

அவருடைய மனைவி இரஞ்சிதம் அக்கா ஒருநாள் எங்கள் எல்லாருக்கும் முன்னால் சொன்னா: "இந்த மனுசன் யமன் வந்து நிண்டாலும் நாளைக்கு வாங்கோ எண்டுதான் சொல்லும்."

எல்லாரும் சிரித்தோம். அண்ணைதான் எங்களைவிடக் கூடச் சிரித்தார்.

கதவும் சைக்கிளும் அவருடைய வீட்டுச் சங்கதி. வேலி அப்படியல்ல. எங்கள் வயல்வெளியைச் சுற்றி ஒரே வேலிதான், ஐயா. ஆளுக்கொரு பங்கு. அவரவர் பங்கை அவரவர் அடைக்கவேண்டும். ஒருவர் விட்டால் அந்த இடைவெளியால் பன்றி வந்து எல்லாருடைய வயலையும் உழக்கிவிட்டுப் போகும். போன போகம் அவருடைய பங்கால் வந்த பன்றி அவருடைய வயலைத் தொடாமல் நேரே என்னுடையதில் இறங்கியது. எனக்கு வந்தது கோபம் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் நான் ஒரு சொல் கடிந்து பேசவில்லை.

நான் அவரை விளங்கிக்கொள்ளப் பார்த்தேன். அவர் சோம்பேறியல்ல. சோம்பேறி படுத்தால் நித்திரை கொள்வான். அண்ணையோ வேலியை நினைத்து நித்திரையில்லாமல் புரளுகிறவர். முழு வேலியையும் ஒரேயடியாக மனதுக்குள் பார்ப்பார், மலைத்துப்போவார், பிறகு வளைவில்லாத வீரைமரக் கட்டைகள் கிடைக்கட்டும் என்று காத்திருப்பார். கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார். "வேலையும் பழுக்கவேணும், நடராசா. காயிலை பிடுங்கினால் கசக்கும்."

இந்தப் போகமும் கதிர் பால் பிடிக்கிற நேரம் வந்துவிட்டது. அவருடைய பங்கு திறந்தபடியே கிடந்தது. நான் என் துவக்கை எடுத்துக்கொண்டு போய் அந்த இடைவெளியில் கட்டினேன். பன்றியின் உயரத்துக்குக் குறுக்கே நூல். நூலில் பட்டால் வெடிக்கும். சட்டப்படி பிழை என்று தெரியும். எங்கள் பக்கத்தில் துவக்குக் கட்டுகிறவன் இரண்டு பக்கமும் பச்சைக் குழை முறித்துத் தொங்கவிடுவான்; கண்டவர் விலகிப் போவார்கள். நானும் தொங்கவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த இடத்துக்குப் போகவேண்டிய ஆள் ஒருவர்தான், அவரோ போவதில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டேன். பின்னேரம் கட்டுவேன், விடியப் போய்க் கழற்றுவேன். ஒழுங்காகத்தான் நடந்தது.

இடையில் அவரைத் திருத்துகிற முயற்சியையும் நான் கைவிடவில்லை. ஒரு பின்னேரம் அவருடைய முற்றத்தில் இருந்து சொன்னேன்: "அண்ணை, வேலியை நினையாதேங்கோ. ஒரு கட்டையை மட்டும் நினையுங்கோ. வளைஞ்ச கட்டை எண்டாலும் பரவாயில்லை. விடியவே போய் ஒண்டை நட்டிட்டு வாங்கோ. மிச்சம் தானாய் வரும்."

அவர் ஒரு விரலை நிமிர்த்திக் காட்டினார். "ஒண்டுதானே?" என்றார்.

"ஒண்டுதான்."

"அப்ப நாளைக்கு நடுறன்."

இரஞ்சிதம் அக்கா குசினிக்குள்ளிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. நானும் சிரித்துக்கொண்டே போய் வழக்கம்போலத் துவக்கைக் கட்டினேன். அவர் நாளைக்கு என்று சொல்லாத நாள் உண்டா?

அடுத்த நாள் விடிய மழை தூறியது. துவக்கைக் கழற்றப் புறப்பட்டவன், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். வெடிச்சத்தம் கேட்டது. போனேன்.

தொடையில் பட்டிருந்தது. பக்கத்தில் குழி கிண்டுகிற அலவாங்கு கிடந்தது. ஒரு கட்டை நட்டு, மண் போட்டு இறுக்கியும் விட்டிருந்தார். கோணல் கட்டைதான். இரண்டாவதுக்குக் குழி தோண்ட அடி எடுத்து வைத்தபோதுதான் நூலில் பட்டிருக்கிறார். என்னைக் கண்டதும் அவர் நோவைப் பற்றிச் சொல்லவில்லை. "நடராசா, ஒண்டு நட்டிட்டன்," என்றார். அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் முன்பு கண்டதில்லை. எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இதைப் பொய்யென்று நினைக்கவேண்டாம்.

துவக்கை அவிழ்த்து வாய்க்கால் பக்கத்துப் பற்றைக்குள் ஒளித்தேன். அதற்குப் பிறகு வண்டில் கொண்டுவரப் போனேன். வரிசையை மாற்றியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் போய்விட்டார். கள்ள வெடிகாரன் எவனோ கட்டியது என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். பாலன் காட்டில் துவக்குக் கட்டுகிறவன் என்பதால் நீங்கள் அவனைப் பிடித்தீர்கள்.

அன்றைக்கே வந்து சொல்லியிருப்பேன், ஐயா. பொங்கல் வந்தது. பிறகு வயலில் அரிவு வெட்டு. பிறகு சூடு மிதிப்பு. அக்காவின் வயலையும் நான்தானே பார்க்கவேண்டும்? கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டு மற்றதைத் தொடுவதுதான் என் பழக்கம். இன்றைக்குத்தான் ஓய்ந்தது. பாலனின் தாய் ஒவ்வொரு நாளும் உங்கள் வாசலில் வந்து நிற்கிறா என்று கேள்விப்பட்டேன். பாவம்.

நீங்கள் கேட்டதில் ஒன்று மிச்சமிருக்கிறது. அவர் அன்றைக்கு அங்கே போவது எனக்குத் தெரியுமா என்று.

தெரியும். கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு என் வாசல் படலையைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நானும் காட்டினேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். கோப்பையில் பாதி இருந்தது. குடித்து முடித்துவிட்டுக் கூப்பிடுவோம், அதற்குள் வழியில் யாரோடாவது கதைத்துக்கொண்டு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். பிழை என்னுடையதுதான், ஐயா. ஆனால் அவரும் அன்றைக்கு அவ்வளவு அவசரப்பட்டிருக்கத் தேவையில்லை.